வண்டியைத் தூக்கிவிட்டார்களா? முதலில் வெளியே எடுங்கள், சண்டை அப்புறம்

கேள்வி: அம்மாவை மருத்துவமனைக்குள் அழைத்துப் போக வேண்டியிருந்ததால் எதிர்ப்பக்கம் காரை நிறுத்தினேன். நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தால் கார் இல்லை. திருட்டு என்றே நினைத்துவிட்டேன். விசாரித்த பிறகுதான் உள்ளாட்சிக்காரர்கள் இழுத்துப் போனது தெரிந்தது. அபராதம், இழுவைக் கட்டணம், நாள் வாடகை என்று மூன்று கணக்கு சொல்கிறார்கள். அங்கே நோ பார்க்கிங் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பணத்தைக் கட்டினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா?

பதில்: உடம்பு சரியில்லாத அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கார் நின்ற இடம் காலியாகக் கிடப்பதைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நேராகவே சொல்லிவிடுகிறேன், பணத்தைக் கட்டி வண்டியை வெளியே எடுங்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் நாள் வாடகை உங்களுக்காக நிற்காது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் அதில் சேரும், பல இடங்களில் ஒரு மணி நேரம் தாண்டினாலே இன்னொரு முழு நாளாக எழுதிவிடுவார்கள். அதனால் தூக்கிய வண்டிகளை நிறுத்தி வைக்கும் கிடங்குக்குப் போன் செய்யும்போதே "உங்கள் கணக்கில் நாள் எத்தனை மணிக்கு மாறும், இன்று எத்தனை மணி வரை வண்டியைக் கொடுப்பீர்கள்?" என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அபராதம் வேறு, இழுவைக் கட்டணமும் வாடகையும் வேறு. அபராதத்தைக் கட்டினால் வழக்கு அத்தோடு முடிந்தது என்று வைத்திருக்கிற ஊர்கள் நிறைய. இழுவைக்கும் வாடகைக்கும் கட்டுவது பெரும்பாலும் அப்படி ஒப்புதல் ஆகாது. ஆகவே "வண்டியை விட எதையெல்லாம் இன்றே கட்டியாக வேண்டும்?" என்று கேளுங்கள். அபராதத்தைத் தனியாகப் பின்னால் கட்டலாம் என்றால் அதைத் தொடாமல் மற்ற இரண்டை மட்டும் கட்டுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால்தான் விடுவோம் என்றால், கையெழுத்துப் போடுகிற தாளில் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதி, அதையும் ரசீதையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கெடு எத்தனை நாள் என்பது வழக்கமாக அபராதச் சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், அதை அன்றைக்கே படித்துவிடுங்கள்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். "நான் பார்க்கவில்லை" என்பது மட்டும் எடுபடாது. சாலைச் சந்திப்பு, பாதசாரிகள் கடக்கும் இடம், நடைபாதை, வாசல் மறிப்பு இதற்கெல்லாம் பலகை இல்லாமலே தடை உண்டு. ஆனால் பலகையை வைத்துத்தான் உங்கள் வண்டியைத் தூக்கினார்கள் என்றால், அந்தப் பலகை ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்ததா என்பது நல்ல கேள்வி. நீங்கள் வண்டியை நிறுத்திய அதே நேரத்துக்கு அங்கே போங்கள், சீட்டில் உட்கார்ந்தால் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில் படம் எடுங்கள், நீங்கள் வந்த திசையிலிருந்தே எடுங்கள். மரக்கிளை மறைக்கிறதா, பலகை வேறு பக்கம் திரும்பியிருக்கிறதா, வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறதா என்று எதையும் விடாதீர்கள். நாளை யாராவது கிளையை வெட்டிவிட்டால் உங்களிடம் சாட்சி இல்லை.

அப்படியே பலகையில் எத்தனை கோடு என்றும் பாருங்கள். 1968-இல் வியன்னாவில் போட்ட சாலைக் குறியீட்டு உடன்படிக்கையைப் பின்பற்றும் நாடுகளில், சிவப்பு வளையத்துக்குள் நீல வட்டம், அதன் மேல் ஒரே ஒரு சாய்ந்த கோடு இருந்தால் நிறுத்தி வைக்கக் கூடாது என்று பொருள், ஆளை இறக்கிவிட்டுக் கிளம்பலாம். இரண்டு கோடு குறுக்கே வெட்டிக்கொண்டால் நிற்கவே கூடாது. ஒரு கோடு என்றால் அம்மாவை இறக்கியதில் தப்பே இல்லை, ஆனால் நாற்பது நிமிடத்தை "இறக்கிவிட நின்றேன்" என்று சொல்ல முடியாது. முறையீட்டில் இதை மறைக்காமல், நோயாளியைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனதையும் மருத்துவமனைச் சீட்டில் இருக்கும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம், கிடங்கின் கேட். சில வருடங்களுக்கு முன் என் காரையும் இப்படித் தூக்கினார்கள். சாவி கையில் கிடைத்ததே போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன். முதல் சிக்னலில் நின்றபோது முன்பக்கம் ஏதோ தரையில் உரசுகிற சத்தம், இறங்கிக் குனிந்து பார்த்தால் பம்பரின் அடிப்பக்கம் கிளிப் உடைந்து தொங்குகிறது. அங்கிருந்தே திரும்பிப் போய்க் கேட்டேன். "கேட்டைத் தாண்டியாச்சே சார், வழியில் எங்கே இடித்தீர்களோ" என்றார் ஜன்னலில் இருந்தவர். இடிக்கவில்லை என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. அந்த வேதனை இன்னொருவருக்கு வேண்டாம் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கையெழுத்துக்கு முன்னால் போனை எடுத்து வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், பின்னணியில் கிடங்கு தெரியட்டும். பம்பரின் அடி, இழுவைக் கொக்கி மாட்டும் இடத்து மூடி, பட்டை கட்டியிருந்த சக்கரத்தின் விளிம்பு, இந்த மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். அப்புறம் "மேலே ஏற்றிக் கொண்டு வந்தீர்களா, இரண்டு சக்கரத்தைத் தூக்கி இழுத்து வந்தீர்களா?" என்று கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கார் "P" (பார்க்) கியரில் நிற்கும்போது கியர் பெட்டிக்குள் ஒரு சின்ன நாக்கு பல்லில் விழுந்து பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓட்டுகிற சக்கரங்கள் தரையில் பட அதை இழுத்தால் அந்த நாக்கோ கியர் பெட்டியோ சேதமாகலாம். நான்கு சக்கரமும் இயங்கும் வண்டியை இரண்டைத் தூக்கி இழுப்பதும் ஆபத்து. மின்சாரக் காரில் சக்கரம் சுற்றினால் மோட்டாரும் கூடவே சுற்றி மின்சாரம் உண்டாக்கும் என்பதால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் முழுதாக ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள். உங்கள் வண்டி இந்த வகை என்றால் அங்கேயே பத்தடி முன்னும் பின்னும் ஓட்டி, கியர் மாறும் சத்தத்தைக் கேளுங்கள். கோளாறு தெரிந்தால் அவர்களுடைய தாளிலேயே எழுதி, வாங்கிக்கொண்டதற்கு ஒப்பம் கேளுங்கள். ஒப்பம் போட மறுத்தால் மறுத்ததையும் எழுதி, அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பைக் ஒன்றை வாங்கி ஓட்டுகிறேன், பெயர் மாற்றவில்லை. இப்போது அது கிடங்கில் இருக்கிறது. என்னிடம் கொடுப்பார்களா?

பதில்: ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் அவர்களுக்கு உரிமையாளர். விற்றவரைத் தேடிப் பிடித்து, வண்டி எண்ணும் உங்கள் பெயரும் போட்ட கடிதத்தையும் அவருடைய அடையாள அட்டை நகலையும் வாங்கிக்கொண்டு போங்கள், முடிந்தால் அவரையே கூட்டிப் போங்கள். விற்பனைச் சீட்டு இருந்தால் அதுவும் கையில் இருக்கட்டும். தயவு செய்து தள்ளிப்போடாதீர்கள். கேட்பாரற்ற வண்டி என்று முடிவு செய்தால் ஏலத்துக்குப் போகும், அதற்கு முன்னால் வருகிற அறிவிப்பு பழைய முதலாளியின் முகவரிக்குத்தான் போகும், அவர் வீடு மாறியிருந்தால் அது யார் கையிலும் சேராது. வண்டி வெளியே வந்ததும் முதல் வேலையாகப் பெயரை மாற்றுங்கள்.

கேள்வி: தூக்கிக்கொண்டிருக்கும்போதே நான் வந்துவிட்டால் வண்டிக்குள் ஏறி உட்காரலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கொக்கி மாட்டிய வண்டி சரிந்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து, பணியைத் தடுத்ததாக வேறு வழக்கு வரலாம். கண்ணில் படுகிற மாதிரி ஓரமாக நின்று "நான்தான் உரிமையாளர், இப்போதே எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லுங்கள். இழுவை வண்டி கிளம்பாத வரை குறைந்த கட்டணத்தோடு இறக்கிவிட வேண்டும் என்று பல ஊர்களில் விதி இருக்கிறது, அப்படி ஒன்று உங்கள் ஊரிலும் உண்டா என்று அங்கேயே கேளுங்கள். பணம் கொடுத்தால் ரசீது கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கட்டப் பணம் சேர இரண்டு நாள் ஆகும். அப்பாவின் மாத்திரைகள் காருக்குள் இருக்கின்றன. அதை மட்டும் எடுக்க விடுவார்களா?

பதில்: பிடித்து வைத்திருப்பது வண்டியைத்தான். மருந்து, கண்ணாடி, குழந்தையின் இருக்கை, சான்றிதழ் மாதிரியான சொந்தப் பொருட்களைப் பணம் கட்டும் முன்பே எடுத்துக்கொள்ளப் பெரும்பாலான இடங்களில் அனுமதிப்பார்கள். அடையாள அட்டையோடு போய் "மருந்து" என்ற வார்த்தையை முதலிலேயே சொல்லுங்கள், ஜன்னலில் இருப்பவர் மறுத்தால் மேலாளரைக் கேளுங்கள். மாத்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிடந்திருந்தால் எடுத்ததும் கொடுத்துவிடாதீர்கள், மருந்துக்கடையில் காட்டிக் கேட்ட பிறகு கொடுங்கள். இன்றைய வேளைக்கு வேண்டியதை இப்போதே வெளியே வாங்கிவிடுங்கள்.