பாட்டு நொண்டுகிறது

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) பாடும் பூப்பறிக்கிற நோம்பிக் கும்மிகளைப் போனில் பதிந்து, இசைக்குறி எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் எழுதி வருகிறேன். இதுவரை நான்கு பாட்டு. போன வாரம் ஒன்றைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிட்டு அம்மாயிக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டவர், "பாட்டு நொண்டுதே கண்ணு" என்றார். வேகத்தை மாற்றினேன், பியானோவைப் புல்லாங்குழல் ஆக்கினேன். சரிவரவில்லை. பிளேபேக்கை நம்பலாமுங்களா? காசு கொடுத்து நல்ல சவுண்ட் வாங்கிப் போட்டால் தீருமா? ஃபைலும் பதிவும் இணைத்துள்ளேன்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சவுண்ட் எதுவும் வாங்காதீர்கள். அம்மாயி குறை சொன்னது சத்தத்தை அல்ல, நீங்கள் எழுதியிருப்பதை. அவர் சொன்னது முழுக்கச் சரி.

பதிவையும் ஃபைலையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பாட்டு நெடிலும் குறிலுமாக அடியெடுத்து வைக்கிறது. நீங்கள் அதை 4/4-ல், அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளக் கட்டத்துக்கு) நான்கு தட்டாக, டாட் வைத்த எய்த் நோட்டும் ஒரு சிக்ஸ்டீன்த் நோட்டுமாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி எழுதினால் ஒரு தட்டில் முக்கால் பங்கு நெடிலுக்கு, கால் பங்கு குறிலுக்கு. அம்மாயி பாடுவதோ திஸ்ர நடை. ஒரு தட்டை மூன்றாக்கி இரண்டு பங்கு நெடிலுக்கும் ஒரு பங்கு குறிலுக்கும் தருகிறார். வித்தியாசம் ஒரு தட்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் அந்த அளவுக்குக் குறில் தாமதமாக வந்து வெடுக்கென்று முடிகிறது. ஒரு கால் இழுத்து நடப்பது போலத்தான் கேட்கிறது. வட்டத்தில் நின்று அறுபது வருடம் கும்மி தட்டிய கைக்கு இது தெரியாமல் போகுமா?

உங்கள் தாளைக் கும்மி தெரிந்த ஒருவர் பார்த்துப் பாடியிருந்தால், தன்னை அறியாமலே திருத்திப் பாடியிருப்பார். தப்பு வெளியே வந்திருக்காது. கம்ப்யூட்டருக்குக் கும்மி தெரியாது, எழுதினதை எழுதினபடி வாசிக்கும். பிளேபேக்கை நான் பெரிதாக மதிப்பது இதற்காகத்தான். எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு நேரம், 127 வரைக்குமான அளவில் எவ்வளவு அழுத்தம் என்று 1983-ல் வந்த மிடி முறையில் போகும் கட்டளைகள்தான் அதன் அடிப்படை. ஒலிப்பதிவு அல்ல என்பதால், சுருதி குலையாமல் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பிழை பார்க்கலாம். இரண்டு பாரை மட்டும் தேர்ந்தெடுத்து லூப்பில் போட்டுத் திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

ஆகவே 6/8-க்கு, அதாவது பாருக்கு மூன்று மூன்றாக ஆறு எய்த் நோட்டு வரும் கணக்குக்கு, மாறுங்கள். க்வார்ட்டர் நோட்டு ஒன்று, எய்த் நோட்டு ஒன்று. பாருக்கு இரண்டு கைத்தட்டு. டைம் சிக்னேச்சரை (4/4, 6/8 என்கிற குறியை) மட்டும் இழுத்துப் போட்டால் பார்க்கோடுகள் இடம் மாறுமே தவிர நோட்டின் நீளம் மாறாது. உட்கார்ந்து திரும்ப எழுதத்தான் வேண்டும். சமமான எய்த் நோட்டுகளாக எழுதிவிட்டு, வாசிக்கும்போது முதலாவதை நீட்டி அடுத்ததைக் குறுக்கும் 'ஸ்விங்' போட்டும் ஏறக்குறைய இதே நடையை வரவழைக்கலாம். அதைச் செய்யாதீர்கள். காதுக்குச் சரியாக இருக்கும், தாள் பொய்யாகிவிடும். நாளைக்கு அந்தத் தாளைப் பார்த்துப் பாடப்போவது உங்கள் பள்ளிப் பிள்ளைகள்.

கும்மி போகப் போக வேகம் ஏறுகிறதே, அதை எழுதலாம். சரணத்துக்குச் சரணம் டெம்போ குறி போட்டு, தாளில் தெரியாமல் மறைத்துவிடுங்கள். மறைத்தாலும் பிளேபேக்கில் வேலை செய்யும்.

மூன்றாவது அடியில் "ஓலயக்கா" என்று அம்மாயி மேலிருந்து வழுக்கி இறங்குகிறாரே, அந்த இடத்தை மட்டும் பத்துத் தடவைக்கு மேல் கேட்டேன். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குவதைக் காட்டும் கிளிசாண்டோ கோடு போட்டு, அதன் வகையைப் போர்ட்டமென்டோ என்று மாற்றினால் கிட்டத்தட்ட வரும். மாற்றாவிட்டால் படிப்படியாகத் தடதடவென்று இறங்கும். ஒரு சுரத்தைச் சென்ட் கணக்கில் ஏற்றி இறக்கவும் வழி உண்டு. அரைச்சுரத்துக்கு 100 சென்ட். ஆனால் இந்த வேலையில் இறங்கினால் ஒரு பாட்டுக்கே மாதக்கணக்கில் போய்விடும். உங்களுக்கு நேரம் இருக்கும், அம்மாயியின் வயதையும் நினைத்துப் பாருங்கள். குழைவைத் தாளில் ஒரு வளைகோடாகக் காட்டிவிட்டு, மிச்சத்தைப் பதிவுக்கு விட்டுவிடுங்கள். அவரிடம் இருக்கிற மற்ற பாட்டுகளை முதலில் பதியுங்கள், எழுதுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஃபைலை, வேறு இசைக்குறி மென்பொருள்களிலும் திறக்கக்கூடிய மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவத்திலும் ஒரு நகல் எடுத்து, குரல் பதிவோடு சேர்த்து ஒரே இடத்தில் வையுங்கள். ஃபினாலே என்ற பழைய இசைக்குறி மென்பொருளை முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் 2024 ஆகஸ்டில் நிறுத்துவதாக அறிவித்தபோது, அதில் எழுதி வைத்தவர்கள் எல்லாரும் இந்த வடிவத்துக்குத்தான் ஓடினார்கள்.

6/8-ல் எழுதி முடித்ததும் அம்மாயிக்கு மறுபடி போட்டுக் காட்டுங்கள். கை தானாகத் தட்டுகிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.