ஆயில் பேஸ்டல் காயாது. கிட்டுக்கும் லேமினேஷனுக்கும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: வயது 52. மகளின் பள்ளிப் பையில் மிச்சமிருந்த ஆயில் பேஸ்டலை வைத்து வரையத் தொடங்கினேன். இரண்டு மாதத்துக்கு முன் போட்ட மயில் படம் தொட்டால் இன்னும் கையில் ஒட்டுகிறது. தாளின் பின்பக்கம் எண்ணெய்க் கறை. நிறங்கள் கலந்து சேறு மாதிரி ஆகிவிடுகின்றன. நான் போகும் வார இறுதி வகுப்பில், "இது சின்னப் பிள்ளைகள் சாமான், அதனால்தான் காயவில்லை. எங்களிடம் ஆறாயிரம் ரூபாய்க்கு இம்போர்ட்டட் கிட் இருக்கிறது" என்கிறார்கள். ஃபிரேம் கடைக்காரர் லேமினேட் செய்துவிடலாம் என்கிறார். என்ன செய்யட்டும்? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கிட் வாங்காதீர்கள். லேமினேட் செய்யாதீர்கள். இந்த இரண்டையும் நிறுத்திவிட்டு மேலே படியுங்கள்.

படம் காயாததற்குக் குச்சியின் விலை காரணம் இல்லை. ஆயில் பேஸ்டல் என்பது நிறமி, மெழுகு, காயாத எண்ணெய் மூன்றும் சேர்ந்தது. ஆயில் பெயின்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகிப் படலமாகிவிடும். பேஸ்டலில் சேர்ப்பது பொதுவாக மினரல் ஆயில். அது இரண்டு மாதமானாலும் இறுகாது, இருபது வருடமானாலும் இறுகாது. 1949-இல் பாரிஸில் பிக்காசோவுக்காகச் சென்னலியே நிறுவனம் செய்துகொடுத்த குச்சியும் இதே ரகம்தான். இன்று அது விலை கூடிய குச்சிகளில் ஒன்று, அதுவும் காயாது. சொல்லப்போனால் விலை கூடிய குச்சி பொதுவாக இன்னும் மென்மையாகவே இருக்கும், கையில் இன்னும் அதிகமாக ஒட்டும். ஆறாயிரம் கொடுத்தால் காயும் என்பவர் ஒன்று தெரியாமல் சொல்கிறார், இல்லை தெரிந்தே விற்கிறார்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. அதை வைத்துத்தான் பாதி ஏமாற்று நடக்கிறது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 'ஆயில் ஸ்டிக்', 'ஆயில் பார்' என்ற பெயரில் தடித்த குச்சிகள் வருகின்றன. பார்த்தால் பேஸ்டல் போலவே இருக்கும். உள்ளே இருப்பது ஆளிவிதை போன்ற காயும் எண்ணெய். அதாவது அது குச்சி வடிவில் இருக்கும் ஆயில் பெயின்ட். அது காயும், மெல்லிய பூச்சு சில நாளில், தடித்தது வாரக்கணக்கில். அடையாளம் எளிது. கொஞ்ச நாள் சும்மா வைத்திருந்தால் அதன் நுனியில் தோல் கட்டிவிடும், நகத்தால் உரித்துவிட்டுத்தான் போட முடியும். ஆயில் பேஸ்டலில் தோல் கட்டவே கட்டாது. ஆனால் ஆயில் ஸ்டிக்கை வெறும் தாளில் போடக்கூடாது. அந்த எண்ணெய் காலப்போக்கில் தாளை அரித்து நொறுங்க வைத்துவிடும். முதலில் ஜெஸ்ஸோ (எண்ணெய் தாளில் இறங்காமல் தடுக்கும் வெள்ளை அடிப்பூச்சு) அடித்திருக்க வேண்டும். சென்னலியே போன்ற நிறுவனம் இரண்டு ரகத்தையுமே விற்கிறது. அதனால் பிராண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், லேபிளில் ஸ்டிக்கா பேஸ்டலா என்று படியுங்கள். வகுப்பில் கிட்டைக் காட்டினால் பெட்டியைக் கையில் வாங்கி இதை முதலில் பாருங்கள்.

அடுத்து லேமினேஷன். சூடான உருளைகளுக்கு நடுவே தாள் போகும்போது மெழுகு உருகும். மயிலின் கழுத்து தோகைக்குள் வழிந்துவிடும், எண்ணெய் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக்கும் சரியாக ஒட்டாது, கொப்புளம் விடும். பிறகு அதைப் பிரிக்கவும் முடியாது. பள்ளி ஆண்டுவிழாக் கண்காட்சிக்கென்று பிள்ளைகளின் படங்களைக் கட்டாக லேமினேஷனுக்கு அனுப்பி, பாதியைப் பாழாக்கி வாங்கி வருவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். யாரும் கேட்பதில்லை. பள்ளிகளில் ஓவிய பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஓவிய ஆசிரியரைப் பகுதிநேரமாகப் போட்டுவிட்டு நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட விடுகிறார்கள். இதையெல்லாம் சொல்லித்தர அங்கே ஆள் எங்கே இருக்கப் போகிறது?

ஹேர் ஸ்பிரே அடித்தால் போதும் என்று வீடியோக்களில் சொல்வார்கள். வேண்டாம். கரி, சாக் பேஸ்டலுக்கு விற்கும் சாதாரண ஃபிக்ஸேட்டிவும் (நிறம் உதிராமல் பிடித்து வைக்கத் தெளிக்கும் திரவம்) இதற்குப் பிரயோசனமில்லை. ஆயில் பேஸ்டலுக்கென்றே தனி ஃபிக்ஸேட்டிவ் இருக்கிறது. அதுவும் மேற்பரப்பின் பிசுபிசுப்பைக் குறைக்குமே தவிரப் படத்தைக் காயவைக்காது. இந்தப் படத்துக்கு உண்மையான பாதுகாப்பு கண்ணாடிதான். ஃபிரேம் கடையில் இப்படிக் கேளுங்கள்: "கண்ணாடி படத்தில் படக்கூடாது, நடுவில் மவுண்ட் போர்டு வேண்டும்." படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டைச் சட்டம்தான் மவுண்ட். குச்சியைத் தடிமனாக அழுத்தியிருந்தால் இரட்டை மவுண்ட். கண்ணாடி படத்தில் நேராக உட்கார்ந்தால் நிறம் கண்ணாடிக்கு ஏறிவிடும். மவுண்ட் வைத்தால் கடைக்காரருக்கு வேலை கூடுதல். நீங்கள் சொல்லாவிட்டால் வைக்கமாட்டார்.

இனி எதை வாங்குவது. உங்களிடம் இருக்கும் பெட்டி மாணவர் தரம்தான். அதில் மெழுகு அதிகம், நிறமி குறைவு. குச்சி கொஞ்சம் கடினமாக இருக்கும். பழகுவதற்கு அது போதும், அடிப்பூச்சுக்கு எப்போதும் உதவும். 50 நிறப் பெட்டிக்குத் தாவ வேண்டாம். தரமான மென்மையான வெள்ளைக் குச்சி இரண்டைத் தனியாக வாங்குங்கள். மற்ற எல்லா நிறத்தையும்விட அதுதான் சீக்கிரம் தீரும். மாணவர் பெட்டியில் வெள்ளைதான் படுமோசமாக இருக்கும், கீழே உள்ள நிறத்தை மூடாமல் வழுக்கிக்கொண்டு போகும். கை பழகிய பிறகு கொரியாவின் முங்யோ கேலரி மாதிரி ஒரு நடுத்தர மென் ரகத்தில் 24 நிறம் எடுத்தால் தாராளம்.

நியான் நிறங்களைத் தொடாதீர்கள், வெயிலில் வெளுக்கும். மாணவர் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் 'நச்சற்றது' என்று பெரிதாக அச்சடிப்பார்கள். எந்த நிறமி, எத்தனை காலம் வெளுக்காமல் நிற்கும் என்று ஒரு வரி இருக்காது. வாங்குபவருக்கு அது எதற்கு என்ற அலட்சியம்தான். நீங்களே சோதித்துக்கொள்ளலாம். ஒரு பட்டையில் எல்லா நிறமும் தீட்டி, பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம் ஒட்டி வையுங்கள். எது வெளுத்திருக்கிறதோ அதைச் சுவரில் மாட்டும் படத்துக்குப் பயன்படுத்தாதீர்கள்.

பின்பக்கக் கறைக்குத் தாள்தான் காரணம். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் மெல்லியது, எண்ணெயை உறிஞ்சும். 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) குறையாத, லேசாகச் சொரசொரப்பான, அமிலமில்லாத தாள் கேளுங்கள். சார்ட் பேப்பர் வழவழப்பு, நிறம் ஏறாது. கிட்டுக்கு வைத்திருந்த பணத்தில் கொஞ்சத்தைத் தாளில் போடுங்கள். நிறத்தைக் கரைக்கப் பேபி ஆயில் தொட்டிருந்தால், அதை விட்டுவிடுங்கள். கறை வட்டம் போட்டுப் பரவுவது அதனால்தான்.

சேறாவதற்கு இரண்டு காரணம். ஒன்று, விரல். எடுத்த எடுப்பில் விரலால் தேய்த்தால் தாளின் சொரசொரப்பு முழுக்க அடைபட்டுவிடும். அதற்குமேல் எந்த நிறமும் பிடிக்காது, வழுக்கும். முதல் பூச்சை அழுத்தாமல், தாளின் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிற அளவுக்குப் போடுங்கள். வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் பிறகு. தேய்ப்பதானாலும் வெளிரிலிருந்து அடரை நோக்கித்தான் தேய்க்க வேண்டும். இன்னொன்று, குச்சியின் அழுக்கு நுனி. உங்கள் மஞ்சள் குச்சியை இப்போதே எடுத்துப் பாருங்கள், நுனியில் நீலமும் கறுப்பும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் பழைய பருத்தித் துணியில் துடைத்துவிட்டுத் தொடுங்கள். ஓரிடத்தில் இரண்டு நிறத்துக்கு மேல் தேய்க்காதீர்கள். மேலே விழும் துணுக்குகளைக் கையால் தட்டினால் இழுபடும். கத்தி முனையால் கொத்தி எடுங்கள்.

தோகைக்கு ஒரு வழி சொல்கிறேன். அடியில் மஞ்சளும் இளம்பச்சையும் பூசுங்கள். மேலே கருநீலமும் பழுப்பும் கெட்டியாகப் போட்டு மூடுங்கள். பிறகு மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா முனையால் இழை இழையாகக் கீறுங்கள். கீறிய கோட்டில் அடி நிறம் மின்னும். எந்த மெல்லிய குச்சியாலும் அந்தக் கோட்டைப் போட முடியாது. கீறியது பிடிக்கவில்லையென்றால் மேலே மறுபடி பூசிக்கொள்ளலாம். காயாத சாமானில் இருக்கும் வசதியே இதுதான்.

வெயில் காலத்தில் பெட்டியைப் பீரோ மேலும் காரிலும் வைக்காதீர்கள். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1925-இல் ஆயில் பேஸ்டலை அறிமுகப்படுத்தியபோது, எண்ணெய் அளவை மாற்றிக் கோடைக்கு ஒரு ரகம், குளிர்காலத்துக்கு ஒரு ரகம் என்றே விற்றது. 1927-இல்தான் கலவையைத் திருத்தி ஒரே ரகமாக்கினார்கள். ஈரோட்டின் சித்திரை வெயிலில் இன்றைய குச்சியும் குழைந்துதான் போகும். பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும். முடித்த படங்களை அடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர் போடுங்கள், மேலே கனமான எதையும் ஏற்றாதீர்கள்.