மேலிருந்து பார்த்துச் சுடும் வீடியோ கேம்கள் ஏன் ஈர்க்கின்றன, ஏன் சீக்கிரம் சலிக்கின்றன?

களத்தை வானத்திலிருந்து பார்ப்பதுபோல் காட்டி, குண்டுகளுக்குத் தப்பியபடி சுட வைக்கும் விளையாட்டுகள் இவை. 1984இல் காப்காம் என்ற ஜப்பானிய நிறுவனம் வெளியிட்ட '1942' நல்ல உதாரணம்: கீழே கடல், மேலே நம் ஒற்றை விமானம். நெருக்கடியில் ஒரு பொத்தானை அழுத்தினால் விமானம் குட்டிக்கரணம் போட்டுத் தப்பும். அதுவும் சில தடவைதான்.

ஈர்ப்புக்குக் காரணம், எதுவும் மறைக்கப்படாததுதான். அழகர் வைகையில் இறங்கும் நாளில் கூட்டத்துக்குள் நிற்பவருக்கு முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும். கரையோர மொட்டை மாடியில் நிற்பவருக்கோ எங்கே நெரிசல், எந்தப் பக்கம் வழி, தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுபவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என எல்லாம் தெரியும். இந்த ஆட்டம் தருவது அந்த மாடிப் பார்வையை. எல்லாம் தெரிந்தும் அடிபட்டால் பழி நம்மேல்தான். அதனாலேயே மறுபடி ஆடக் கை பரபரக்கிறது.

குறையும் அங்கேதான். பதுங்கி நின்று திடுக்கிட வைக்க இடமில்லை; பாத்திரங்களின் உச்சந்தலைதான் தெரியும், முகம் தெரியாமல் கதை எப்படி ஒட்டும்? போதாக்குறைக்கு, இவை காசு போட்டு ஆடும் எந்திரங்களுக்காகப் பிறந்தவை. ஆளைச் சீக்கிரம் வீழ்த்தி அடுத்த நாணயத்தைக் கேட்பதே பிழைப்பு. வீட்டில் மணிக்கணக்கில் ஆடினால் சலிக்காமல் என்ன செய்யும்?

விரல் வேகம்தான் எல்லாம் என்று பலர் நினைக்கிறார்கள்; பல ஆட்டங்களில் எதிரிகள் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே வரிசையில் வருவதால், அதை மனப்பாடம் செய்தவரே அதிக தூரம் போகிறார்.