வடக்கு ஜன்னல் ஹாலுக்கு எந்த கிரே?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, வாடகை வீடு, சுவரில் மங்கிப்போன ஒரு மஞ்சள், உரிமையாளர் மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், சரி கிரே அடிக்கலாம் என்று கடைக்குப் போனால் ஷேட் கார்டில் நாற்பது கிரே, எல்லாம் ஒன்று போலவே தெரிகிறது, மனைவிக்கோ வீடு குளிர்ந்து போய்விடுமோ என்று பயம். கடைசியில் சின்ன விஷயம் மாதிரி, ஹாலுக்கு ஒரே ஜன்னல், அதுவும் வடக்குப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. தங்கச்சி பயப்படுவது சரிதான்.

இருபத்திரண்டு வருடம் முன்னால் எங்கள் முதல் வீட்டு ஹாலுக்கு நான் அடித்ததும் கிரேதான், ஜன்னலும் வடக்குதான். ஜூன் மாதம். கடை விளக்கில் அட்டையைப் பார்த்து எடுத்தேன், அடித்து முடித்தபோது அருமையாக இருந்தது. கோடையில் சூரியன் வடமேற்கில் மறைவதால் சாயங்காலம் அந்த வடக்கு ஜன்னலிலும் சாய்வாகக் கொஞ்சம் பொன்வெயில் விழும், சுவர் முழுக்க ஒரு மென்மை வந்துவிடும். அதைப் பார்த்துத்தான் நம்பிவிட்டேன். அக்டோபர் கடைசியில் அதே சுவர் ஊதா கலந்த நீலமாகிவிட்டது. அப்போது எங்களுக்குக் கைக்குழந்தை, நான் வேலைக்குப் போய்விடுவேன், பகல் முழுக்க அந்த அறையில் இருந்தது என் மனைவி. மதியம் மூன்று மணிக்கே எல்லா விளக்கையும் போட்டுவிடுவார். "இந்த ஹாலில் உட்கார்ந்தால் எந்நேரமும் மழை வரப்போகிற மாதிரியே இருக்கிறது" என்று ஒருநாள் சொன்னார். செலவை நினைத்து இரண்டு குளிர்காலம் அதை அப்படியே விட்டுவைத்தேன். அது எனக்கு இன்றும் வருத்தம்தான், அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நம் ஊரில் நமக்குப் பழகியது தலைக்கு மேல் நிற்கிற வெயில். அதை வீட்டுக்குள் விடாமல் தடுப்பதுதான் அங்கே பாடு, குளிர்ச்சியான நிறம் கண்ணுக்கு ஆறுதல். இந்த மாதிரி இடங்களில் கதையே வேறு. வட அட்சம் 50 பாகையில் டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 16, 17 பாகைக்கு மேல் ஏறாது, பகலே எட்டு மணி நேரம்தான். வடக்கு ஜன்னலில் அந்த மாதங்களில் நேர் வெயில் துளிகூட விழாது, வருவதெல்லாம் வானத்தின் வெளிச்சம் மட்டும். அந்த வெளிச்சம் நீலம் தட்டியது. வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் கூடக் கூட நீலம் கூடும். வீட்டில் நாம் போடும் மஞ்சள் பல்பு 2,700 கெல்வின் என்றால், மேகமூட்டமான வானம் 6,500, 7,000 அளவில் இருக்கும், தெளிந்த நீல வானம் 10,000ஐக்கூடத் தாண்டும். (பூமத்திய ரேகைக்குத் தெற்கே குடியேறியவர்கள் யாராவது இதைப் படித்தால் திசையை மாற்றிக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெற்கு ஜன்னல்தான் இப்படி.)

மற்ற நிறங்களுக்கு இந்த நீலம் அவ்வளவு தொந்தரவு இல்லை. கிரேக்கு மட்டும் தன் சொந்த நிறம் மிகக் குறைவு, எந்த வெளிச்சம் விழுகிறதோ அதன் பக்கமே சாய்ந்துவிடும். அதற்கு மேல் பெயின்டுக்குள்ளேயே இன்னொரு விஷயம் இருக்கிறது. வெள்ளைக்கு அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு, அதில் வெறும் கருப்பை மட்டும் கலந்தால் வருகிற கிரே தானாகவே நீலம் தட்டும். அதைச் சமன் செய்யத்தான் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, அம்பர் மாதிரி மண் நிறங்களைச் சேர்ப்பார்கள். கடையில் இயந்திரத்தில் கலந்து தரும்போது டப்பா மூடியில் ஒட்டுகிற சீட்டில் பல இடங்களில் என்னென்ன நிறம் எவ்வளவு போனது என்று அச்சாகியிருக்கும். சீட்டு இல்லையென்றால் கலக்குபவரிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும். கருப்பும் நீலமும் மட்டும் என்றால் உங்கள் ஹாலுக்கு வேண்டாம். மஞ்சளும் கொஞ்சம் சிவப்பும் சேர்ந்திருந்தால் நின்று பாருங்கள்.

அட்டையில் எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், ஒரு கிரேயைத் தனியாகப் பார்த்தால் அது வெறும் கிரேதான். நாலைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்துப் பாருங்கள். ஒன்று பச்சை, ஒன்று ஊதா, ஒன்று மண் நிறம் என்று உடனே பிரிந்து தெரியும். ஒரே அட்டையில் இளசிலிருந்து அடர்த்தி வரை போயிருந்தால் அடியில் இருக்கும் அடர்த்தியானதைப் பாருங்கள், மேலே ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கே வெளிப்படும். ஊதா தட்டுகிற கிரேயை மட்டும் வடக்கு அறைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். இது என் அனுபவத்தில் மாறாத முடிவு. பச்சை தட்டுவது அவ்வளவு மோசமில்லை, ஆனால் ஜன்னலுக்கு வெளியே புல்தரையோ மரமோ இருந்தால் அந்தப் பச்சையும் உள்ளே வந்து சேர்ந்துகொள்ளும்.

அப்புறம் எல்.ஆர்.வி. என்று ஓர் எண், அட்டையின் பின்பக்கமோ நிறுவனத்தின் இணையதளத்திலோ இருக்கும். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கான அளவு, 0 என்றால் முழுக் கருப்பு, 100 என்றால் முழு வெள்ளை. 60க்கும் 40க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று தோன்றும். ஆனால் ஒற்றை ஜன்னல் அறையில் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு இன்னொரு சுவரில் பட்டுத்தான் மூலைக்குப் போய்ச் சேர வேண்டும். 60 உள்ள சுவரில் இரண்டு முறை பட்டால் நூற்றுக்கு 36 மிஞ்சும், 40 உள்ள சுவரில் 16தான். மூலை இருட்டாகத் தெரிவது இதனால்தான். நீங்கள் 60க்குக் கீழே போக வேண்டாம், 65 பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. இணையத்தில் எல்லோரும் புகழ்கிற ஷெர்வின் வில்லியம்ஸ் பெயின்ட் நிறுவனத்தின் அக்ரீயபிள் கிரே என்ற நிறத்தின் எண் 60. அது நல்ல நிறம்தான், ஆனால் படத்தில் பார்ப்பது அந்த வீட்டு ஜன்னலின் வெளிச்சத்தில் எடுத்தது என்பதை மறக்காதீர்கள். சீலிங்கை வெள்ளையாகவே விட்டுவிடுங்கள்.

தரை என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. அது முக்கியம். ஆரஞ்சு தட்டுகிற மரத்தரை என்றால் அதன் பக்கத்தில் கிரே இன்னும் நீலமாகத் தெரியும். நம் கண் ஒரு நிறத்தைப் பக்கத்து நிறத்தோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. பாரிஸ் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரலிடம் கருப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் நெய்த நிறங்கள்தான் கருப்பை அப்படிக் காட்டியிருக்கின்றன. 1839இல் அதை விரிவாக எழுதினார். பெயின்ட் அடிக்கிற எல்லோருக்கும் அதே சிக்கல்தான். சோபா, திரைச்சீலை, தரை எல்லாம் சேர்ந்துதான் உங்கள் கிரேயைத் தீர்மானிக்கும். கதவு நிலைக்குப் பளீர் வெள்ளை அடித்தால் மண் நிறம் கலந்த கிரே அழுக்காகத் தெரியவும் கூடும், கொஞ்சம் பால் வெள்ளையாக எடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. இரண்டு அல்லது மூன்று நிறத்தில் சின்ன சாம்பிள் டப்பா வாங்குங்கள், அதற்கு மேல் வேண்டாம், குழம்பிவிடுவீர்கள். சுவரில் நேராகத் தீட்டாதீர்கள், பழைய மஞ்சள் பக்கத்தில் இருந்தால் எந்த கிரேயும் நீலமாகத்தான் தெரியும். இரண்டடிக்கு இரண்டடி தடித்த அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் வெள்ளை விட்டுவிடுங்கள். முழுக்கக் காயட்டும், தண்ணீரில் கரைகிற பெயின்ட் காய்ந்ததும் பெரும்பாலும் ஒரு படி அடர்த்தியாகும். அட்டையைத் தரையில் கிடத்திப் பார்க்கக் கூடாது, சுவரில் நிமிர்த்தி வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இரண்டு நாள், ஜன்னல் இருக்கிற சுவரிலேயே இரண்டு நாள், மூலையில் இரண்டு நாள். ஜன்னல் இருக்கும் சுவர்தான் பகலில் மிகவும் இருண்டு தெரியும், அங்கே பிடித்திருந்தால் மற்ற இடத்திலும் பிடிக்கும். காலை, மதியம், விளக்கு போடுவதற்கு முந்தைய அந்த அரை மணி நேரம், விளக்கு போட்ட பின் என்று நான்கு வேளையும் பாருங்கள். அந்த அரை மணி நேரம்தான் உண்மையான சோதனை. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் சிவப்பை இழந்து நீலத்தைக் கூடுதலாகப் பார்க்கும், புர்கின்யே என்ற செக் உடலியலாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துச் சொன்னது. இந்த நாடுகளின் குளிர்காலத்தில் அந்த அரை மணி நேரம் மதியமே வந்துவிடும், வீட்டில் இருப்பவர் அதைத் தினமும் பார்க்க வேண்டும்.

பல்பையும் பெயின்ட் வாங்குவதற்கு முன்னாலேயே மாற்றுங்கள். 2,700 கெல்வின், சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான எண்) 90 அல்லது அதற்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பதாக வாங்குங்கள். சீலிங்கின் நடுவில் ஒரே ஒரு வெள்ளை விளக்கை வைத்துக்கொண்டு எந்த கிரேயையும் காப்பாற்ற முடியாது. தரையில் நிற்கும் விளக்கு, மேசை விளக்கு என்று மூன்று இடத்திலாவது தாழ்வாக இருக்கட்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். மேட், அதாவது பளபளப்பில்லாத பெயின்ட் எடுங்கள், பளபளப்பு கூடினால் சுவரின் மேடுபள்ளம் தெரியும். குழந்தை இருந்தால் துடைக்கக்கூடிய மேட் கிடைக்கிறது. சமமான சுவரில் ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 முதல் 12 சதுர மீட்டர் வரும், கணக்குப் போட்டு ஒரேயடியாக வாங்கி எல்லா டப்பாவையும் ஒரு வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லாவிட்டால் டப்பாவுக்கு டப்பா இலேசாக நிறம் மாறும். அறை 10 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அடிக்காதீர்கள். மிகப் பழைய வீடு என்றால் உப்புத்தாள் போடுவதற்கு முன் அடியில் ஈயம் கலந்த பெயின்ட் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், காலி செய்யும்போது பழைய நிறத்துக்கே மாற்றித் தர வேண்டுமா என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

ஆக, மஞ்சளும் சிவப்பும் இலேசாகத் தட்டுகிற, எல்.ஆர்.வி. 65ஐ ஒட்டிய ஒரு கிரே. நான் மூன்றாம் வருடம் மாற்றியடித்தது அப்படி ஒன்றுதான், இன்னும் அந்த வகை நிறமே எங்கள் வீட்டில் இருக்கிறது. அட்டைகளை இப்போதே தீட்டி வைத்துவிட்டு நவம்பரில் நாள் முழுக்க மழை பெய்கிற ஒரு நாள் வரை காத்திருங்கள். அன்றைக்குத் தங்கச்சி வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து எதைக் காட்டுகிறாரோ அதை வாங்குங்கள். இதற்கிடையில் தரை என்ன நிறம், ஜன்னலுக்கு வெளியே மரமா எதிர்வீட்டுச் செங்கல் சுவரா என்று மட்டும் எழுதிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.