சேற்று அடுக்கைக் கலைத்தது புழுவா, வெள்ளமா?

கேள்வி: கரையோரக் கடலில் குழாய் இறக்கிச் சேற்று மாதிரி எடுத்தோம். மேல் 8 செ.மீ. வரை ஈயம்-210 (காலப்போக்கில் சிதையும் கதிரியக்க ஈயம்) ஒரே அளவாக இருக்கிறது. அதற்குக் கீழேதான் படிப்படியாகக் குறைகிறது. வண்டல் ஒரேயடியாக வந்து விழுந்ததா, புழுக்கள் கிளறியதா?

பதில்: ஈயம்-210-ஐ மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 22 ஆண்டுகள். ஒரே வெள்ளத்தில் வந்த வண்டலும், புழுக்கள் ஓயாமல் புரட்டிய வண்டலும் அதில் ஒன்றுபோலவே தெரியும். அரை ஆயுள் 24 நாளே உள்ள தோரியம்-234-ஐயும் அளந்து பாருங்கள். சமீபத்தில் வெள்ளமோ புயலோ இல்லாதபோது 5 செ.மீ. ஆழத்தில் மிகையான தோரியம் (கடல்நீரிலிருந்து புதிதாக இறங்கி, சில மாதங்களில் சிதைந்து மறைவது) கிடைத்தால், அதைக் கீழே இறக்கியவை உயிரினங்கள்தான். கிடைக்கவில்லை என்பதற்காகப் புழுவே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். கலக்கல் மெதுவாக நடந்திருக்கலாம். மாதிரி எடுத்த ஓரிரு வாரத்தில் அளந்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து, அப்போது மிஞ்சியிருப்பதைக் கழித்தால் மிகை அளவு கிடைக்கும்.

பலர் சறுக்குவது குழாயில்தான். உள்ளே இறங்கும்போது அதன் சுவர் மேல்சேற்றைக் கீழே இழுத்துப் பூசிவிடும். ஒவ்வொரு 1 செ.மீ. வில்லையிலும் ஓரத்தில் 5 மி.மீ. சீவி எறியுங்கள். இன்னொரு குழாயை நெடுக்காகப் பிளந்து எக்ஸ்ரே எடுங்கள்: மெல்லிய வரிகளும் கூர்மையான அடிக்கோடும் வெள்ளத்தைக் காட்டும்; வளைகளும் மங்கிய திட்டுகளும் புழுவைக் காட்டும். கருஞ்சேற்றுக்குள் பழுப்பு வளையம் இருந்தால், அந்த வளைக்குள் புழு ஆக்சிஜன் உள்ள நீரை இறைத்திருக்கிறது.

எந்தப் புழு என்பதும் முக்கியம். நெரெயிஸ் போன்ற கடற்புழுக்கள் ஒட்டும் சேற்றில் ஆப்பு அடித்ததுபோல் விரிசல் விட்டு நகர்ந்து, எல்லாப் பக்கமும் கலக்கும். அரெனிகோலா என்ற மணற்புழு அப்படியல்ல, தலைகீழாக இருந்து 20 செ.மீ.க்கும் கீழே மணலை விழுங்கி மேலே கழிக்கிறது. விழுங்க முடியாத சிப்பித் துண்டுகள் அடியில் தங்கிவிடும். அந்தச் சிப்பி வரியைப் புயல் படிவு என்று எழுதிவிடாதீர்கள்.

புழுதான் என்று உறுதியானால், படிவு வேகத்தை 8 செ.மீ.க்குக் கீழே ஈயம்-210 குறையும் வீதத்திலிருந்து மட்டும் கணக்கிடுங்கள். ஆழமான வளைகள் அங்கும் எட்டியிருக்கக்கூடும் என்பதால், அது உச்சவரம்பு மட்டுமே. ஆண்டுக்கு 2 மி.மீ. என்று வந்தால், கலங்கிய 8 செ.மீ. ஏறக்குறைய 40 ஆண்டுச் சேறு. அந்த 40 ஆண்டுக்குள் நடந்தவற்றை இந்தக் குழாயில் ஆண்டுவாரியாகப் பிரிக்க இயலாது.