பழைய கேம் கேசட்டைக் கணினியில் எடுத்து வைப்பது: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கம் இருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: முதலில் சேவ் (நீங்கள் ஆடியதைக் கேசட் சேமித்து வைத்த பதிவு), பிறகுதான் கேம். அதே கேம் உள்ள கேசட் ஊர் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்கள் சேவ் உங்கள் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது.

மஞ்சக்குப்பம்: அண்ணா, கேம் பாய் கேசட் கொஞ்சம், அட்வான்ஸ் கேசட் கொஞ்சம் இருக்கு. என்ன வாங்கணும், எப்படி எடுக்கணும்?

கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ் இரண்டுக்கும் ஒரே ரீடர் (கேசட்டைக் கணினிக்கு வாசித்துத் தரும் கருவி) போதும். ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ, ஜிபி ஆபரேட்டர் இரண்டும் யூஎஸ்பியில் செருகுகிற சின்னக் கருவிகள். நான் முதலாவதைத்தான் சொல்வேன். அதோடு ஓடும் ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் இலவச மென்பொருள். சேவ் வகை, ரோம் (கேம் பதிந்திருக்கும் சிப்) அளவு எல்லாவற்றையும் கண்ணுக்குக் காட்டும், தப்பாகக் கண்டுபிடித்தால் கையால் மாற்றவும் விடும்.

வோல்டேஜில் கவனம். கேம் பாய், கலர் கேசட்டுக்கு 5 வோல்ட், அட்வான்ஸுக்கு 3.3 வோல்ட். சில ரீடர் தானே மாற்றிக்கொள்ளும், சிலவற்றில் குட்டி சுவிட்ச் இருக்கும். அட்வான்ஸ் கேசட்டுக்கு 5 வோல்ட் கொடுத்தால் சிப் போய்விடலாம்.

யூஎஸ்பியைக் கழற்றிவிட்டு கேசட்டைச் செருகுங்கள், பிறகு இணையுங்கள். மென்பொருளில் கேசட் வகையைத் தேர்ந்தெடுத்ததும் கேமின் பெயர், அளவு, ஹெடர் செக்சம் (கேசட்டின் அறிமுகப் பகுதி சரியாக வாசிக்கப்பட்டதா என்று காட்டும் எண்) வரும். பெயர் ஒழுங்காக இருந்து செக்சமும் சரி என்று வந்தால் சேவை எடுங்கள், அடுத்து ரோமை எடுங்கள். யூஎஸ்பியைப் பிடுங்கி, கேசட்டைக் கழற்றி மறுபடி செருகி, ரோமை இன்னொரு தடவை எடுங்கள். இரண்டு கோப்பின் ஹாஷும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒன்றாக வரவேண்டும். விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ஷா-1 என்ற ஹாஷைப் பார்த்துவிடலாம். கழற்றாமல் இரண்டு தடவை எடுப்பதில் பயனில்லை. கேசட்டின் பின் (உலோகத் தொடுமுனை) சரியாக உட்காராமல் இருந்தால் அதே தப்பு அப்படியே இரண்டு கோப்பிலும் வரும்.

உபுண்டுவில் ரீடர் தெரியவில்லை என்றால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து வாருங்கள்.

லாஸ்பேட்டை: ஊதிப் போட்டா வேலை செய்யுதே, ஏன் கூடாதுங்கிறீங்க?

வேலை செய்ய வைத்தது ஊதியது இல்லை, கழற்றி மறுபடி போட்டது. ஊதினால் எச்சில் ஈரம் பின்னில் தங்கும். நம் பக்கத்துக் கடல் காற்றுக்கு அது போதும், பின் கறுத்துவிடும்.

99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, பின் இருக்கும் திசையிலேயே மேலும் கீழும் தேயுங்கள். குச்சி வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் உள்ள கிளிசரின் பிசுக்காகப் படியும். கறுப்பு போகவில்லை என்றால் மட்டும் வெள்ளை ரப்பரால் மெதுவாக இரண்டு இழுப்பு. மேலே இருக்கும் தங்கப்பூச்சு ரொம்ப மெல்லிசு, தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது. உப்புத்தாள், பாத்திரம் துலக்கும் பாலிஷ் பக்கமே போகாதீர்கள்.

திறக்க வேண்டுமானால் கேம் பாய் கேசட்டுக்கு 3.8 மில்லிமீட்டர் கேம்பிட், அட்வான்ஸுக்கு மூன்று இதழ் தலை உள்ள ட்ரை-விங் ஸ்க்ரூடிரைவர்.

முத்தியால்பேட்டை: கோப்பு வருது, ஆனா எமுலேட்டர்ல (கணினியில கேமை ஓட்டுற சாஃப்ட்வேர்) வெள்ளைத் திரைதான். சாஃப்ட்வேர் பிரச்சினையா?

பத்தில் ஒன்பது தடவை பின்தான். கோப்பை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறந்தால் எந்தப் பின் என்றே கண்டுபிடிக்கலாம்.

முழுக்க எஃப்எஃப் என்று இருந்தால் கேசட் பேசவே இல்லை: சரியாக உட்காரவில்லை, அல்லது மின்சாரம் போகவில்லை.

கேம் பாய் கேசட்டில் 0104 என்ற முகவரியில் நிண்டெண்டோ லோகோ ஆரம்பிக்கும். எல்லாக் கேசட்டிலும் ஒரே பைட்டுகள்: சிஇ, இடி, 66, 66, சிசி, 0டி என்று போகும். அது உங்களுக்கு சிஇ, இசி, 66, 66, சிசி, 0சி என்று வந்தால் ஒற்றைப்படை எண்ணெல்லாம் இரட்டையாகிவிட்டது, அதாவது கடைசி பிட் எப்போதும் பூஜ்யம். அது டி0, தரவு வரிகளில் முதலாவது. 1ஆம் பின் 5 வோல்ட், 32ஆம் பின் கிரவுண்டு என்று எண்ணினால் டி0 வருவது 22ஆம் பின். டி7 வரை வரிசையாக 29 வரைக்கும். அந்த ஒரு பின்னை மட்டும் கவனித்துத் துடைத்தால் போதும்.

பைட்டுகள் சரியாக இருந்து, ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தால் முகவரிப் பின். ஏ0 என்பது 6ஆம் பின், அங்கிருந்து ஏ15 வரை வரிசை. 8 கேபி துண்டு இரண்டிரண்டு தடவை வருகிறதென்றால் ஏ13, அதாவது 19ஆம் பின்.

முதல் 16 கேபி சரி, அதற்குப் பிறகு ஒரே 16 கேபி துண்டே திரும்பத் திரும்ப வந்தால் பேங்க் (ரோமின் 16 கேபி துண்டு) மாறவில்லை. எழுதும் கட்டளை போகும் ரைட் பின், அதாவது 3ஆம் பின்னைப் பாருங்கள். மாறாக முழுக் கோப்பும் சரி, ஆனால் பாதியோடு முடிந்து மறுபாதி அதன் நகல் என்றால் பின்னில் குறை இல்லை. அளவை இரட்டிப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: தம்பி, பசங்க சின்ன வயசுல ஆடின டிவி கேம், மஞ்சள் கேசட்டுங்க ஒரு பை நிறைய கெடக்கு. அதையும் எடுக்க முடியுமா?

முடியும் ஐயா, ஆனால் கேம் பாய் மாதிரி சுளுவாக இல்லை. அவை ஜப்பானின் ஃபேமிகாம் வகை, 60 பின். அமெரிக்க, ஐரோப்பிய என்இஎஸ் கேசட்டுக்கு 72 பின், அதனால் என்இஎஸ் ரீடரில் இவை அடாப்டர் இல்லாமல் நுழையாது. ஆர்டுயினோ மெகா 2560 போர்டை வைத்து ஓடும் திறந்த மூல கேசட் ரீடர் ஒன்று இருக்கிறது, சன்னி ரீடர் என்பார்கள். அதை நீங்களே கட்டினால் 60 பின் ஸ்லாட்டுக்கு அலைய வேண்டாம். ஓடாத டிவி கேம் பெட்டியிலிருந்தே சால்டர் எடுத்துக் கழற்றிக்கொள்ளலாம். அதை வீசிவிடாதீர்கள்.

கஷ்டம் எங்கே என்றால், இந்தக் கேசட்டில் கேம் பாய் மாதிரி 'நான் இன்னது, என் அளவு இவ்வளவு' என்று சொல்லும் ஹெடர் கிடையாது. உள்ளே புரோகிராமுக்கு ஒரு ரோம், படங்களுக்கு ஒரு ரோம், இரண்டும் தனித்தனி வரிகளில். பேங்க் மாற்றும் சுற்றுக்கு மேப்பர் என்று பெயர், அதை நாம்தான் சொல்ல வேண்டும். சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மேப்பர் 0: புரோகிராம் 32 கேபி, படம் 8 கேபி. கணினி தன் வசதிக்கு முன்னால் 16 பைட் ஹெடர் சேர்ப்பதால் கோப்பு சரியாக 40,976 பைட். ஒற்றை கேம் கேசட்டுகளில் 0 முதல் 4 வரை உள்ள மேப்பர்களே நிறைய வரும், வரிசையாகப் போட்டுப் பார்க்கலாம்.

லேபிளில் லட்சக்கணக்கில் கேம் போட்டிருக்கும் கேசட்டுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது சில கேம்கள்தான், மெனுவில் லெவலை மாற்றித் திரும்பத் திரும்ப அடுக்கியிருப்பார்கள். மேப்பர் தயாரித்தவருக்கே வெளிச்சம். போர்டில் கறுப்பாக ஒரு சொட்டு இருந்தால் சிப் அதற்கடியில். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அந்தக் கேசட்டை மீட்க வழியில்லை.

முதுநகர்: புயல் வெள்ளத்துல நனைஞ்ச பெட்டியில கேசட் இருந்துச்சு. காயவச்சு எடுத்தா போதுமா?

காயவைத்தால் மட்டும் போதாது. தண்ணீர் போனாலும் உப்பும் சேறும் போகாது, ஈரக்காற்று பட்டால் மறுபடி அரிக்கும். திறந்து போர்டை வெளியே எடுங்கள். பேட்டரி இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். ஈரத்தில் மின்சாரம் ஓடினால் செம்புக் கோடுகளைத் தின்றுவிடும். முழுக்க நனைந்ததில் சேவ் தப்பித்திருக்க வாய்ப்பு குறைவு, அதற்காகத் தயங்க வேண்டாம்.

ஆல்கஹாலை எடுத்தவுடனே ஊற்றாதீர்கள், உப்பு அதில் சரியாகக் கரையாது. முதலில் டிஸ்டில்டு வாட்டர், வண்டி பேட்டரிக்கு ஊற்றும் அதே தண்ணீர், மென்மையான பல்துலக்கும் பிரஷ். பிறகு ஈரத்தை விரட்ட ஆல்கஹால். இரண்டு நாள் ஃபேன் காற்று. வெயிலில் வேண்டாம், லேபிள் வெளுத்துவிடும்.

வில்லியனூர்: போக்கிமான் சேவ் போயிடுமோன்னு பயமா இருக்கு. பேட்டரி மாத்தலாமா அண்ணா?

எந்தப் போக்கிமான் என்பதைப் பொறுத்தது. கோல்ட், சில்வர், கிரிஸ்டலில் சேவ், கடிகாரம் இரண்டும் பேட்டரியில்தான்; கடிகாரம் குடிப்பதால் சீக்கிரம் தீரும். சிஆர்2025 வேண்டும். அட்வான்ஸின் ரூபி, சஃபையர், எமரால்டில் சேவ் ஃபிளாஷ் சிப்பில், பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும், சிஆர்1616. "பேட்டரி தீர்ந்துவிட்டது" என்று திரையில் வந்தாலும் ஒரிஜினல் கேசட்டில் சேவ் பத்திரம்.

கோல்ட் வகையில் பேட்டரியைக் கழற்றிய நொடி சேவ் காலி. அதனால் ரீடரில் 32 கேபி சேவை எடுத்துவிட்டு, எமுலேட்டரில் திறந்து உங்கள் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகே சால்டரைத் தொடுங்கள். தகடு ஒட்டிய பேட்டரியாக வாங்குங்கள். வெறும் பேட்டரியின் மேல் நேராகச் சால்டர் வைத்தால் சூட்டில் வீங்கும், வெடிக்கவும் கூடும்.

ரெயின்போ நகர்: சித்தப்பா பிரான்ஸ்ல இருந்து கொண்டுவந்த சூப்பர் நிண்டெண்டோ கேசட். எமுலேட்டர்ல வேகம் வேற மாதிரி இருக்கே?

அவை பால் (PAL, ஐரோப்பிய டிவி) முறை, நொடிக்கு 50 பிரேம். எமுலேட்டரில் ரீஜனை பால் என்று வையுங்கள். பிரெஞ்சு மொழிப் பதிப்பின் ஹாஷ் அமெரிக்கப் பதிப்போடு ஒத்துப்போகாது, நோ-இன்ட்ரோ (அசல் கேசட்டுகளின் ஹாஷ் தொகுப்பு) பட்டியலில் பிரான்ஸ் அல்லது ஐரோப்பா என்று இருப்பதோடு ஒப்பிடுங்கள். சில கிர்பி கேம்கள் மாதிரி எஸ்ஏ-1 என்ற கூடுதல் சிப் உள்ளவை எல்லா ரீடரிலும் பேசாது. வாங்குமுன் அந்தச் சிப்புக்கு ஆதரவு உண்டா என்று பாருங்கள்.

பண்ருட்டி: ரெண்டு தடவையும் ஒரே ஹாஷ். ஆனா நோ-இன்ட்ரோ பட்டியல்ல இல்லையே?

ரீடிங் பெரும்பாலும் சரி, கேசட்தான் டூப்ளிகேட்டாக இருக்கும். சந்தையில் கிடைக்கும் அட்வான்ஸ் போக்கிமான்களில் ஏராளம் அப்படித்தான்: சேவ் வகைக்காகக் கேமையே திருத்தியிருப்பார்கள், ஹாஷ் மாறிவிடும். வைத்துக்கொள்ளுங்கள், கோப்பின் பெயரில் மட்டும் அதைக் குறித்துவிடுங்கள்.

நெல்லிக்குப்பம்: இது சட்டப்படி சரியா? எடுத்துட்டு கேசட்டை வித்துடலாமா?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52(1)(ஏஏ): முறைப்படி கையில் வைத்திருப்பவர், தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்கத் தற்காலிகப் பாதுகாப்பாகப் பிரதி எடுக்கலாம். விற்றுவிட்டால் அந்தக் காரணம் போய்விட்டது, கோப்பையும் அழியுங்கள். நண்பருக்கு அனுப்புவதற்கும் டூப்ளிகேட் கேசட்டுக்கும் இந்தப் பிரிவு துணைக்கு வராது.

பாகூர்: ரெட்ரோஆர்ச்ல சேவ் தெரியல. கேசட்டுக்கே திருப்பி எழுத முடியுமா?

ரோம், சேவ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, சேவின் நீட்சியை எஸ்ஏவியிலிருந்து எஸ்ஆர்எம் என்று மாற்றி, ரெட்ரோஆர்ச் எமுலேட்டரின் சேவ் ஃபோல்டரில் போடுங்கள். கேசட்டுக்கு எழுதவும் முடியும். எழுதும் முன் அளவைப் பாருங்கள். கேசட் 32 கேபி கேட்டால் கோப்பும் 32,768 பைட். சில எமுலேட்டர் கடிகாரத்துக்காகக் கடைசியில் சில பைட் கூடுதலாக ஒட்டும், அந்த வாலை வெட்டிவிட்டு எழுதுங்கள். எழுதியதும் திரும்ப வாசித்து ஹாஷை ஒப்பிடுங்கள். பழைய சேவை வேறு பெயரில் தனியாக வைத்திருங்கள்.