பாரீஸ் பயணம்: எந்தப் பணத்தை எப்போது கட்டுவது?

கேள்வி: நானும் கணவரும் தஞ்சாவூரில் வேலை பார்க்கிறோம். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,15,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 28,000, எஸ்ஐபி 15,000, குடும்பச் செலவு எல்லாம் போக 30,000 மிஞ்சும். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 10. அடுத்த மே மாதம் நால்வரும் ஒரு வாரம் பாரீஸ் போய்வர ஆசை. டிராவல் ஏஜென்ட் ஆளுக்கு 1,95,000 ரூபாய் கேட்கிறார். இப்போதே ஆளுக்கு 70,000 முன்பணம் கட்டினால்தான் இந்த விலையாம். அது திரும்பக் கிடைக்காது. டிசம்பரில் 3 லட்சம் எஃப்.டி. முதிர்கிறது. அவசரத் தேவைக்கென்று 2.5 லட்சம் தனியாக வைத்திருக்கிறோம். மீதிக்கு 14 சதவீத வட்டியில் 5 லட்சம் தனிநபர் கடன் எடுத்து 24 மாதத்தில் கட்டிவிடலாமா?

பதில்: கடன் வேண்டாம். முன்பணமும் கட்ட வேண்டாம். ஆனால் பயணத்தைத் தள்ளிப்போடவும் தேவையில்லை. உங்கள் வருமானத்துக்கும் கையிருப்புக்கும் அடுத்த மே மாதம் பாரீஸ் எட்டக்கூடிய தூரம்தான்.

கடன் கணக்கை முதலில் பார்ப்போம். 5 லட்சத்துக்கு 14 சதவீதத்தில் 24 மாதம் என்றால் தவணை சுமார் 24,000 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 76,000. வங்கியின் பிராசசிங் கட்டணம் தனி. உங்களில் ஒருவர் பாரீஸ் போய்வரும் விமான டிக்கெட்டின் விலை அந்த வட்டி. ஊருக்குத் திரும்பிய பிறகும் ஓராண்டுக்கு மேல் உங்கள் மாத மிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு இந்தத் தவணைக்கே போய்விடும்.

முன்பணம் அதைவிடப் பெரிய ஆபத்து. நால்வருக்கும் சேர்த்து 2,80,000 ரூபாயை, விசா கிடைக்குமா என்று தெரியும் முன்பே கொடுக்கச் சொல்கிறார்கள். ஷெங்கன் விசா, அதாவது பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் மறுக்கப்படுவதும் உண்டு. அப்போது மற்ற மூவரும் போவீர்களா? ஐரோப்பியப் பயணத்தில் பணம் எவ்வளவு என்பதைவிட, எந்த வரிசையில் கையை விட்டுப் போகிறது என்பதுதான் முக்கியம். திரும்பி வராத பெரிய தொகை எதுவும் விசா முத்திரைக்கு முன் போகக் கூடாது.

இனி உண்மைச் செலவு. ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து ஓரிடத்தில் மாறிச் செல்லும் எகானமி டிக்கெட், மே மாத நெரிசலில், போக வர ஆளுக்கு 75,000 என்று எடுத்தால் 3 லட்சம். விசா கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயது நிறையும் வரை 45 யூரோ. உங்கள் மகளுக்குப் பெரியவர் கட்டணம்தான். நால்வருக்கும் 315 யூரோ, அதாவது சுமார் 33,000 ரூபாய். விண்ணப்பத்தை வாங்கும் விஎஃப்எஸ் மையத்தின் சேவைக் கட்டணம், புகைப்படம், கூரியர், சென்னை போய்வரும் செலவு சேர்த்து 45,000 ஒதுக்குங்கள். பயணக் காப்பீட்டுக்கு 8,000.

பாரீஸில் நால்வர் தங்கும் சமையல் வசதியுள்ள அறை ஓர் இரவுக்கு 160 யூரோ என்று வைத்தால் ஆறு இரவுக்கு 960. இதற்கு மேல் நகரத் தங்கும் வரி ஒன்று உண்டு. மூன்று நட்சத்திர விடுதியில் பெரியவர் ஒருவருக்கு இரவுக்குச் சுமார் 5 யூரோ, 18 வயதுக்குக் கீழே இல்லை. இந்த வரி பெரும்பாலும் முன்பதிவு விலையில் சேராது, அங்கே போய்க் கட்டுவது. ஆக தங்குவதற்கு 1,020 யூரோ. சாப்பாட்டுக்கு ஏழு நாளுக்கு 700, உள்ளூர்ப் போக்குவரத்துக்கு 150, நுழைவுச் சீட்டுகளுக்கு 350. மொத்தம் 2,220 யூரோ, சுமார் 2,33,000 ரூபாய். தஞ்சாவூர்–சென்னை போக்குவரத்துக்கு 10,000, எதிர்பாராததற்கு 55,000 சேர்த்தால் எல்லாமாக ஆறரை லட்சம். ஏஜென்ட் கேட்பது 7.8 லட்சம்.

பேக்கேஜில் இன்னொன்றும் உண்டு: டிசிஎஸ். விமான டிக்கெட், விடுதி இரண்டையும் சேர்த்து ஒரே தொகுப்பாக வாங்கினால் விற்பவர் இந்த வரியைப் பிடிக்க வேண்டும். டிக்கெட்டை மட்டும் தனியாக, விடுதியை மட்டும் தனியாக வாங்கினால் கிடையாது. 2023 அக்டோபர் முதல் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 என்று இருந்தது. 2025 ஏப்ரலில் வரம்பு 10 லட்சமானது. 2026 ஏப்ரல் முதல் தொகை எதுவானாலும் 2 சதவீதம் என்று ஆனது. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிற விஷயம் என்பதால் கட்டுகிற நாளின் விகிதத்தைக் கேளுங்கள். இது தொலைந்த பணம் அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகி, கணக்குத் தாக்கல் செய்யும்போது வரியில் கழியும் அல்லது திரும்ப வரும். ஆனால் பல மாதம் முடங்கிக் கிடக்கும். யாருக்கு வருமான வரி அதிகமோ அவர் பெயரில் பில் போடுவது நல்லது.

சேமிப்பு எப்படி? ஜூனில் தொடங்குங்கள். மிஞ்சும் 30,000-இல் 10,000 ரூபாயை ஆறு மாத ஆர்.டி.யில் போடுங்கள், டிசம்பரில் 60,000 சொச்சம் வரும், அது விசாவுக்கும் காப்பீட்டுக்கும். 20,000 ரூபாயை ஒன்பது மாத ஆர்.டி.யில் போடுங்கள்; மார்ச்சில் 1,80,000-க்கு மேல் வரும், அது யூரோ வாங்க. ஆர்.டி.கள் முடிந்த பிறகு ஏப்ரல் வரை மிஞ்சுவது இன்னொரு 90,000. டிசம்பரில் முதிரும் எஃப்.டி. அப்படியே விமான டிக்கெட்டுக்கு. வட்டியோடு ஏறக்குறைய ஆறரை லட்சம் கூடிவிடும். அஞ்சலக ஆர்.டி. வேண்டாம், அது ஐந்தாண்டுத் திட்டம். ஓராண்டுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தை ஃபண்டிலும் போடாதீர்கள். எஸ்ஐபியை நிறுத்த வேண்டியதில்லை. அவசர நிதி 2.5 லட்சத்தை நினைக்கவே வேண்டாம்; அந்த ஒரு வாரத்திலும் அது ஊரில் உங்களுக்காகக் காத்திருக்க வேண்டும்.

விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை 15 நாள். முடிவுக்குச் சாதாரணமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். மார்ச், ஏப்ரலில் நேரப் பதிவு கிடைப்பது கடினம். ஜனவரி முதல் பாதியில் கொடுத்துவிடுங்கள். பிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறிச் சென்றாலும் தங்குவது பாரீஸில் என்பதால் விண்ணப்பம் பிரான்ஸுக்குத்தான். விடுதி முன்பதிவு உள்ளவர்களிடம் பிரான்ஸ் எதிர்பார்க்கும் கைச்செலவு ஆளுக்கு நாளுக்கு 65 யூரோ; உங்களுக்கு ஏழு நாளுக்கு 1,820 யூரோ, சுமார் 1.9 லட்சம் ரூபாய். அதைவிடத் தாராளமாகக் கணக்கில் தெரிய வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்: விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு உறவினரிடம் வாங்கி 3 லட்சத்தைக் கணக்கில் போடுவார்கள். கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட்டில் அது பளிச்சென்று தெரியும், மறுப்புக்குக் காரணமாகும். உங்கள் எஃப்.டி. முதிர்ந்து வரும் தொகை அப்படியல்ல. முதிர்வு ரசீதை இணைத்துவிட்டால் கேள்வி எழாது.

விசாவுக்கு விமான முன்பதிவின் நகல் போதும், பணம் கட்டிய டிக்கெட் தேவையில்லை. அதற்காகப் போலி டிக்கெட் விற்பவர்களிடம் போகாதீர்கள். பிஎன்ஆர் எண்ணைச் சோதித்தால் இல்லை என்று வரும், விண்ணப்பமே கெடும். உண்மையான பிஎன்ஆரை சில நாள் பிடித்துவைத்துத் தரச் சொல்லுங்கள், அல்லது ரத்துக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் பார்த்துவிட்டு ரீஃபண்ட் உள்ள டிக்கெட்டை வாங்குங்கள். விடுதியும் இலவச ரத்து உள்ளதாக இருக்கட்டும். இந்த வரிசையில் போனால், விசா மறுக்கப்பட்டாலும் உங்கள் இழப்பு 45,000 ரூபாயும், ரத்துக் கட்டணம் ஏதாவது இருந்தால் அதுவும்தான். 2,80,000 அல்ல.

விசா வந்த அன்றே டிக்கெட். வாங்கும்போது பெயரில் கவனம். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். விமான நிறுவனத்தின் படிவமோ அது இல்லாமல் நகராது. இனிஷியலை மட்டும் போடுவது, அப்பா பெயரைத் தானாகச் சேர்ப்பது இரண்டும் தவறு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இதற்கு ஒரு விதி உண்டு. கட்டுவதற்கு முன் அவர்களிடமே கேளுங்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். சென்னை முதல் பாரீஸ் வரை ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். சென்னை–மும்பை தனி, மும்பை–பாரீஸ் தனி என்று வாங்கினால் சில ஆயிரம் மிஞ்சலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை; போகும் பயணத்தைத் தவறவிட்டால் திரும்பும் டிக்கெட்டும் ரத்தாகிவிடும். பிராங்க்ஃபர்ட் வழி என்றால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். ஐரோப்பாவின் புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளும். இடைவெளி இரண்டரை மணி நேரமாவது வேண்டும்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், தங்கும் எல்லா நாளுக்கும். இங்கே பாலிசிகள் டாலரில் வரும். 1 லட்சம் டாலர் எடுங்கள், பிரீமிய வித்தியாசம் சிறிது. ஏற்கெனவே உள்ள நோயை மறைக்காதீர்கள்.

யூரோ விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்குக் கீழே இருந்த யூரோ அந்த ஆண்டு முடிவதற்குள் 100-ஐத் தாண்டிவிட்டது. உங்கள் 2,220 யூரோவுக்கு ஒவ்வொரு 5 ரூபாய் ஏற்றமும் 11,000 ரூபாய் கூடுதல் செலவு. விலை எங்கே போகும் என்று கணிக்க முயல வேண்டாம். விசா வந்தபின் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று மூன்று தவணையாக ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டை) ஏற்றுங்கள். கார்டில் யூரோவாகவே ஏற்றுங்கள்; டாலர் ஏற்றினால் அங்கே ஒவ்வொரு செலவிலும் மாற்றுக் கட்டணம் பிடிக்கும். சாதாரணக் கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீத மார்க்கப் எனும் கூடுதல் கட்டணம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். முழுச் செலவையும் அதில் செய்தால் சுமார் 9,600 ரூபாய் வீண். ஆனாலும் ஒரு கிரெடிட் கார்டு கையில் இருக்கட்டும், விடுதி பிடித்துவைக்கும் டெபாசிட்டுக்கு. அதை ஃபாரெக்ஸ் கார்டில் போட்டால் விடுபட நாளாகும். ரொக்கம் 250 யூரோ போதும், சிறிய நோட்டுகளாக. கடையில் கார்டு மெஷின் 'ரூபாயில் கட்டலாமா' என்று கேட்கும். யூரோவையே தேர்ந்தெடுங்கள், ரூபாய் என்றால் மாற்று விலையை அந்த மெஷின்காரர் தன் லாபம் வைத்து நிர்ணயிப்பார்.

எந்த நாள் இறங்குவது என்பதிலும் பணம் இருக்கிறது. பாரீஸின் நவிகோ வார அட்டை திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான். புதன்கிழமை வாங்கினாலும் ஞாயிறோடு முடியும். 2025 விலையில் வாரத்துக்கு 31.60 யூரோ, அட்டைக்கு 5 யூரோ தனி, ஒட்டுவதற்குச் சிறிய புகைப்படம் வேண்டும். விமான நிலைய ரயிலும் இதில் அடங்கும். அதற்கு மட்டும் தனிச் சீட்டு 2025-இல் ஒரு வழிக்கு 13 யூரோ. திங்கள் காலை இறங்கி ஞாயிறு கிளம்பினால் ஒரே அட்டையில் எல்லாம் முடிந்துவிடும். 2 யூரோ விலையுள்ள நவிகோ ஈஸி அட்டையில் வாரச் சீட்டு ஏறாது, கேட்கும்போது நவிகோ டெகூவெர்ட் என்று சொல்லி வாங்குங்கள்.

லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரி முதல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32 யூரோ. 18 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் நீங்கள் இரண்டு சீட்டுக்குப் பணம் கட்டினால் போதும். குழந்தைகளுக்கும் சேர்த்துப் பணம் வாங்கும் பேக்கேஜ்களில் இதைக் கேட்டுப் பாருங்கள். செவ்வாயும் மே 1-ம் லூவ்ருக்கு விடுமுறை. சாப்பாட்டுக்கு நாளுக்கு 100 யூரோ என்பது காலையும் ஒரு வேளையும் அறையில் சமைத்தால்தான் நிற்கும். காரே து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் லாச்சப்பலில் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் அங்கே கிடைக்கும். இங்கிருந்து சுமந்து பெட்டி எடைக்குக் காசு கட்ட வேண்டாம்.

திரும்பும் விமானம் பற்றி ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானமும், நிறுவனத்தின் தவறால் ரத்தானாலோ வெகுவாகத் தாமதமானாலோ இழப்பீடு தர வேண்டும். பாரீஸ்–சென்னை தூரத்துக்கு ஆளுக்கு 600 யூரோ. சேர்வது 3 முதல் 4 மணி நேரத் தாமதம் என்றால் பாதியாகக் குறைக்கலாம். வளைகுடா நிறுவனமானாலும் திரும்பும் பயணத்துக்கு இது பொருந்தும். போகும் பயணத்துக்கு ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டுமே. வான்வெளி மூடல், மோசமான வானிலை போன்றவற்றுக்கு இழப்பீடு இல்லை, ஆனால் உணவும் தங்குமிடமும் மாற்று விமானமும் தர வேண்டும். போர்டிங் பாஸை எறியாமல், தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஏஜென்ட் வழியாக அல்லாமல் நேரடியாக விமான நிறுவனத்தின் இணையப் படிவத்தில் கேளுங்கள்.